நாற்பத்தொன்றாம் பக்கத்து வெள்ளை

"இந்த ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சு சார்?"

உன் புத்தகத்தைப் படமாக எடுத்த பெண், போன வருஷம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. இன்று காலை கூரியரில் அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறாள். நாற்பத்தொன்றாம் பக்கத்துச் சீட்டில் அந்தக் கேள்வியும், அதன் கீழே நான் சொன்ன பதிலும் இருக்கின்றன. பதிலுக்கு நம்பர் போட்டு நாலு வரி. சீட்டைப் பிய்த்துவிடலாம் என்று பார்த்தேன். தாளும் சேர்ந்து வருகிறது. அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ இறந்துபோய் மூன்று வருஷம். வாரமெல்லாம் ஆபீசில் கட்டட வரைபடம் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து உன் அண்ணனை வரைவாய். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உங்கள் குப்பத்திலிருந்து ஒரு விடியற்காலை தனியாகப் போட்டில் கடலுக்குப் போன அண்ணன். போட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கறுப்பு மை ஒன்று, வலைக்கு மட்டும் கொஞ்சம் நீலம். புத்தகம் முடிய ஆறு வருஷம் ஆயிற்று. "கிராஃபிக் நாவலாம் வாத்தியாரே. படக்கதைன்னா மரியாதை இல்லியாம்" என்று சிரித்தாய்.

மற்ற பக்கங்களில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனம்தான் இடம் விடுவாய். நாற்பத்தொன்றில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு வெறும் தாள். மேலே அலையைத் தாண்டும் போட்டு. அண்ணன் பின்னால் நின்று எஞ்சினைப் பிடித்திருக்கிறார். கீழே மீன் காய வைக்கும் அண்ணியின் முதுகு. "அங்க ஒரு அலையாவது போடேன்" என்றேன்.

"நான் பாக்காதத எப்டி வரையறது? எனக்கு இன்னா தெரியும்?"

அத்தோடு நிறுத்திக்கொண்டாய். எனக்கு அது பிடிபடவே இல்லை. முப்பத்துநாலு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும், பதில் புரியாவிட்டால் ஓர் எடுத்துக்காட்டு காட்ட வேண்டும். என் கை கால் மாதிரி ஆகிப்போன பழக்கம் அது.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதலில் அண்ணியிடம் கொண்டுபோனோம். அண்ணி படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா, உங்கண்ணனுக்கு மூக்க இம்மாம் பெருசா போட்டுகீற?"

"அவரு மூக்கு அப்டிதான் அண்ணி."

"எனக்குத் தெரியாதா? கொஞ்சம் கொறச்சிப் போட்டா மை தீந்துடுமா?"

அப்புறம் நாற்பத்தொன்றாம் பக்கம். அண்ணி அந்த வெள்ளைமேல் கட்டை விரலை வைத்தார். "இங்க கீறாரு" என்றார். ஆள் கிடைக்காதவரை ஒரு பெண்ணிடம் தாலியைக் கழற்று என்று சொல்ல உங்கள் குப்பத்தில் யாருக்கும் வாய் வராது. அண்ணி நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாகவே இருந்தார். பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கதை சொல்வார். ஒரு நாள் அண்ணன் ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருப்பார். இன்னொரு நாள் ஏதோ ஒரு கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். "அங்க எவளையாவது சேத்துகினு கீறாரோ இன்னாவோ, வரட்டும், வச்சிக்கிறேன்" என்று ஒரு நாள் திட்டினார். திட்டும்போது முகம் எவ்வளவு பொலிவாக இருந்தது தெரியுமா?

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் சொன்னது, "படமா எடுக்கிறதுன்னா எடுக்கட்டும். எதுனா கேட்டா எனக்குப் பதிலா நீ சொல்லு." சொன்னேனப்பா. அதுதான் நடந்தது.

அந்தப் பெண் நல்லவள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது, கம்பெனி பஸ்ஸில் உன் புத்தகத்தைப் படித்துப் படித்து மட்டையைக் கிழித்தவள். உன் கோடுகளில் ஒன்றைக்கூடச் சிதைக்கக் கூடாது என்று பாடுபட்டாள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நீ நிழலைக் குறுக்குக் கோடுகளாகப் போடுவாய் இல்லையா? வெளிச்சத்தால் அப்படி நிழல் விழாது என்று, குடிசைச் சுவரிலும் தரையிலும் பிரஷ்ஷால் கோடு கோடாக வரைய வைத்தாள். கேமரா எங்கேயும் நகரவில்லை. உன் ஒல்லியான நெட்டைக் கட்டம் வந்தால், திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாகி நடுவில் ஒல்லியாக ஒரு துண்டு மட்டும் நிற்கும். ஒவ்வொரு காட்சி முடிவிலும் நடிகர்கள் ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும், நீ தாளிலிருந்து பேனாவை எடுத்த இடம் அது என்று. நிறம் என்றால் வலையின் நீலம் ஒன்றுதான். பார்த்தபோது உன் கை திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை. "புத்தகத்துல வெள்ளை இருந்தா எவ்ளோ நேரம் வேணா பாத்துக்கிட்டு இருக்கலாம் சார். தியேட்டர்ல வெள்ளையா விட்டா புரொஜக்டர் போச்சுன்னு விசில் அடிப்பாங்க" என்றாள். அதனால்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பு டப்பாவும் கொண்டுவந்தேன். டப்பாவை மிதக்கவிட்டேன். வலை ஒரு பக்கம் இழுக்கிறது என்று வை, அலை மறுபக்கத்திலிருந்து அடிக்கிறது என்று வை என்று சொல்லி, இடது ஓரத்தை விரலால் அழுத்தினேன். மூலையில் தண்ணீர் ஏறி டப்பா புரண்டது. அவள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். "சூப்பரா புரிஞ்சுது சார்" என்றாள். எனக்கும் சந்தோஷம். ரிட்டையர் ஆன பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

படம் வெளிவர ஒரு மாதம் இருக்கும்போது, கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட்டில் அவள் எடிட்டிங் செய்கிற அறைக்குக் கூப்பிட்டாள். அந்த வெள்ளை இருந்த இடத்தில் நாற்பது நொடிக் காட்சி. போட்டு இடது பக்கம் சாய்கிறது, மூலையில் தண்ணீர் ஏறுகிறது, புரள்கிறது. நீரின்மேல் ஒரு கை, பிறகு அதுவும் இல்லை. எல்லாம் உன் கறுப்பு மையில் வரைந்தது போலவே. ஆனால் அது என் சோப்பு டப்பா.

எடுத்துவிடம்மா என்று கெஞ்சினேன். "எடிட் லாக் ஆயிடுச்சு சார், இனி மாத்த முடியாது. மியூசிக் மொத்தமும் அதுமேலதான் உக்காந்திருக்கு. நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அண்ணியைப் படம் பார்க்க விடாமல் செய்யலாம் என்று குப்பத்துக்குப் போனேன். தியேட்டரில் ஏசி ஆகாது, முழங்கால் வலிக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். "நம்மூட்டுக் கதைய நான் பாக்காம எவ பாப்பா? சும்மா கெட வாத்தியாரே" என்று அடக்கிவிட்டார். பத்து நாளைக்கு முன் வேனில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு செங்கல்பட்டுக்கு வந்தார், மேட்னி ஷோவுக்கு. புதுப் புடவை, கனகாம்பரம். படத்தில் அண்ணனாக வந்த சின்ன மூக்கு நடிகனைப் பார்த்து, "இப்பதான்டி பாக்க நல்லா கீறாரு" என்று வரிசையையே சிரிக்க வைத்தார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பது நொடி வந்தபோது அவர் கண்ணைப் பொத்தலாமா என்றுகூடத் தோன்றியது. பொத்தவில்லை.

வெளியே வெயிலில் என்னைத் தனியாக இழுத்தார்.

"இதான் நடந்துச்சா? தம்பி உன்கிட்ட மட்டும் சொன்னானா?"

"இல்லம்மா. அவனுக்கும் தெரியாது. நான்தான் கற்பனையா சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். நீங்களே யோசிச்சுப் பாருங்க, பைபர் போட்டு கவுந்தாலும் மிதக்கும். அப்படி ஒண்ணும் கரைக்கு வரலியே."

"அத நீ எனக்குச் சொல்றியா? பொறந்ததுலேர்ந்து போட்டு பாக்கறவ நான்." வேன் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். "பொய்தான். தெரியுது. ஆனா கண்ண மூடினா அதானே வருது."

நேற்று குப்பத்துக்குப் போயிருந்தேன். பொட்டு இருக்கிறது, தாலி இருக்கிறது. கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை. புத்தகத்தை நானே எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தேன். அண்ணன் இன்று எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அண்ணி கட்டை விரலை வெள்ளைக்குக் கொண்டுபோனார். வைக்கவில்லை. "டீ போடட்டா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் திருத்திக் கொடுக்க முடியாத விடைத்தாள் இது. உனக்குத் தெரிந்த மன்னிப்புக் கேட்கும் முறை ஏதாவது இருந்திருக்கும். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு மனுஷனை உயிரோடு வைத்திருந்தீர்கள், நீயும் அண்ணியும். நான் அங்கே ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். இனி அந்த வாளியோடுதான் நான் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது. வேறு யாராவது படிக்கிறீர்கள் என்றால், ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாததை யாராவது கேட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள்.