பக்கத்து நாற்காலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். அப்பா இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். நான் போனை எடுத்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அது போகட்டும், நீயும் அப்பா பேச்சை எடுத்தாலே "அடுப்புல பால் வச்சிருக்கேம்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறாய். நீ காய்ச்சும் பாலுக்கு ஒரு டீக்கடையே வைக்கலாம். கடிதம் என்றால் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா? அதனால்தான் எழுதுகிறேன்.

பல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பல்லுக்கு ஒன்றும் இல்லை. வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் உள்ளே போகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். டிரைவர் அண்ணன் அப்பாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கிறார். கம்பெனி காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவரை வேறு அதிகாரிக்குப் போட்டுவிட்டது. லீவு நாளில் பஸ் பிடித்துத் தானாகவே வருகிறார். அவர் மட்டும் இல்லாவிட்டால் இதை எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்காது. அப்பாவைத் தனியாக விட எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாவின் பதவி போனதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு காரணம் எனக்குத் தெரியாமல் எங்கே இருந்ததோ! நடந்தது வேறு.

நாங்கள் கல்யாணமான புதிதில் அப்பாவை அவருடைய கம்பெனி, வேலை கற்றுவர வெளிநாட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பியது. அங்கே ஒரு வயதான அம்மாள் பல வருடங்களாக ஒரே மேஜையில் வேலை பார்த்துவந்தார். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்தார். அந்த அம்மாள் எதை எப்படிச் செய்கிறார், எந்த வாடிக்கையாளர் முன்கோபி, எந்தக் கம்ப்யூட்டர் மாதக் கடைசியில் மக்கர் பண்ணும், எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டார். கற்று முடித்ததும் அந்த வேலை, இங்கிருந்தே குறைந்த செலவில் செய்துதர, அப்பாவின் கம்பெனிக்கு வந்தது, அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். கம்பெனி வளர்ந்ததே இப்படித்தான். அதற்குப் பக்கத்து நாற்காலி என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்பா தலைமைக்கு வந்ததும் அதற்கு ஒரு விதியும் போட்டார். கற்றுக்கொள்பவர் வாயைத் திறந்து "இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும்வரை, கற்றுக்கொடுப்பவர் எழுந்து போகக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! நீ கொட்டாவி விடுவாய், நான் மேஜைக்கு அடியில் உன் காலை மிதிப்பேன்.

பிறகு காலம் மாறிவிட்டது. ஒரு கூட்டமே செய்த வேலையை இயந்திரமே செய்யும், இத்தனை பேர் எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அப்பா ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார். அதில் மாப்பிள்ளையும் ஒருவர். அன்று நீ வாசலில் நின்று கத்தியது நியாயம். "சொந்த மருமகனை மட்டும் வச்சிக்கிட்டா மத்தவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று அப்பா கேட்டதும் நியாயம். இரண்டு பக்கமும் தலையாட்டி எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

அது கம்பெனி இயக்குநர்களுக்குப் போதவில்லை. வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து, அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்றார்கள். எந்நேரமும் பல் தெரிந்ததால் அவருக்கு நான் சிரிப்பு மூஞ்சி என்று பெயர் வைத்தேன். அப்பாவின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். ஆபீஸ் வாசலை மிதிக்காத எனக்கே விஷயம் விளங்கிவிட்டது. ஊரில் உள்ளவர்கள் பக்கத்தில் எல்லாம் ஆளை உட்கார வைத்த மனுஷனுக்கு விளங்கவில்லை. வாய்விட்டுக் கேட்டேன். "உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை வீட்டுக்கே அழைத்துவந்து டீ கொடுக்கச் சொன்னார். சர்க்கரை போடாமல் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சிரிப்பு மூஞ்சி எழுந்து, "இனிமே நான் பாத்துக்கறேன் சார்" என்றாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். டிரைவர் அண்ணன் ஆபீஸில் கேள்விப்பட்டுச் சொன்னார். அன்று வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது அப்பா, "அந்தம்மா கடைசி நாள்ல எனக்குக் கேக் வாங்கிக் குடுத்தாங்க" என்றாராம். எந்த அம்மாள் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பார்க்கச் சகிக்கவில்லை, மகளே. காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, ஷூவும் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். பாஸ்வேர்டை முடக்கிவிட்டார்கள் என்று தெரிந்தும் லேப்டாப்பைத் திறந்து அடித்துப் பார்ப்பார். பதவியில் இருந்தபோது பூங்கொத்தாக அனுப்பித் தள்ளியவர்களில் ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. நமது குடும்ப டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்கிறார். நானே டாக்டருக்குப் போன் செய்தேன். எப்படியாவது அழைத்து வாருங்கள், அதுவரை தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார்.

அப்புறம் திடீரென்று முகம் தெளிந்தது. நன்றாகச் சாப்பிட்டார். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்படி வந்து உக்காரு" என்றார். கரண்ட் பில் எப்படிக் கட்டுவது, தண்ணீர் மோட்டார் நின்றால் யாரைக் கூப்பிடுவது, இன்சூரன்ஸ் பேப்பர் எந்த அலமாரியில், பாங்கில் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தொடங்கினார். அன்றிலிருந்து தினமும் பாடம் நடக்கிறது. அத்தனை பொறுமையாகச் சொல்லித் தருகிறார். இந்தப் பொறுமையை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. "நான் இல்லேன்னா நீ தடுமாறக் கூடாது பாரு" என்றார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கயும் இல்லயே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் மக்காகிவிட்டேன். நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டேன் என்கிறேன். பில் கட்டும்போது வேண்டுமென்றே நம்பரைத் தப்பாக அடிக்கிறேன். "இதுகூடவா உன் மண்டைல ஏறல" என்று கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அவர் கோபப்பட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவர் சொல்லித் தந்தது எல்லாமே எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாதவரை அவர் எழுந்து போக மாட்டார், தான் போட்ட விதியை அவர் மீறியதே இல்லை என்ற நம்பிக்கையில்தான் நாள் ஓடுகிறது.

நேற்று அதிலும் மண் விழுந்தது. "உனக்கு வரலேன்னா விடு, மாப்பிள்ளைகிட்ட சொல்லிடறேன். அவரு கெட்டிக்காரர், கப்புனு புடிச்சிக்குவாரு" என்றார். மாப்பிள்ளையின் நம்பரையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றோ நாளையோ கூப்பிடுவார், அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் டிரைவர் அண்ணனிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மரியாதைக்காகவாவது, "சரிங்க மாமா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். உன் காலில் விழுந்து கேட்கிறேன், அவரை அப்படிச் சொல்லவிடாதே. ஒன்றுமே புரியவில்லை, நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லச் சொல்.

நீயும் வா. அப்பாவை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ மன்னித்துவிட்டால், அதுவும் முடிந்தது என்று அவர் கணக்கில் போய்விடும். வந்து சண்டை போடு. அன்று வாசலில் விட்டதிலிருந்து தொடங்கு. அவர் பதில் சொல்லட்டும், நீ ஒத்துக்கொள்ளாதே. மறுநாளும் போடு.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடு. என்றைக்கு என்று சொல்லாதே. யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால், அவர்கள் வந்து சேரும்வரை அப்பா வாசலை விட்டு நகர மாட்டார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா