நாக்கடியில் ஒளித்த விதை

அன்புள்ள சிதோனி,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நானும் மாடுகளும் நலம். இதை நானே எழுதுகிறேன், யாரும் எழுதித் தரவில்லை.

பனி விலகி மலைப்பாதை திறந்ததும், இந்தப் பண்ணையிலிருந்து திங்களன்று நம் வீட்டுக்குக் கிளம்ப இருந்தேன். ஞாயிறன்று ராஜா கேக் வெட்டினார்கள். உள்ளே வைத்த அவரை விதை என் துண்டில் வந்துவிட்டது. விதை கிடைத்தவன்தான் ராஜா. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் அவன் கேக் தர வேண்டும், அதுவரை கிளம்ப முடியாது. அதனால் நாக்கடியில் ஒளித்தேன்.

பண்ணைக்காரி மெலானி விடவில்லை. “பெரியவரே, வாயத் தொறங்க. ராஜாவாயிட்டு நைசா நழுவப் பாக்குறீங்களா?”

காகிதக் கிரீடம் தலையில் ஏறியது. இப்போது மறுபடியும் பனி கொட்டுகிறது. பாதை எப்போது திறக்குமோ.

“ராணி யாருன்னு சொல்லுங்க” என்றாள். உன் பெயரைச் சொன்னேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்த தபால்காரர் அவசரப்படுத்துகிறார். ராணியின் கிரீடத்தை உள்ளே மடித்து வைத்திருக்கிறேன், ஞாயிறன்று போட்டுக்கொள்.

உன் பார்னபே