மூன்றரை மணி

14 மார்ச் 1972, செவ்வாய்

இன்று மனேஜர் சொன்னபடி நான் தட்டச்சுச் செய்யவில்லை.

போன கிழமை துறைமுக ஜெட்டியில் மூட்டை இறக்கும்போது சங்கிலி அறுந்து, எங்கள் கூலியாள் கிண்ணியா இஸ்மாயில் நானாவின் கால் நசிந்துபோனது. அந்த விபத்து அறிக்கையை அடிக்கத் தந்த மனேஜர், விபத்து நடந்த நேரத்தை மாற்றச் சொன்னார்.

“ஐந்தரை எண்டு போடுங்கோ மிஸ். வேலை முடிஞ்ச பிறகு அவர் அங்க சும்மா நிண்டவர்.”

வேலை நேரத்தில் காயப்பட்டால்தான் நட்டஈடு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஏலாது சேர். ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏத்த லொறி கேட்டுக் கடிதம் அடிச்சது நான். மூன்றரை எண்டு போட்டு நீங்கள்தான் கையெழுத்து வைச்சனீங்கள்.”

“அதின்ர கொப்பி எங்க?”

“ஃபைலில இருக்கு. தொழில் கந்தோர் அதிகாரிமார் வந்து கேட்டா எடுத்துக் குடுப்பன்.”

கந்தோரில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனேஜர் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“சரி, மூன்றரை எண்டே அடியுங்கோ.”

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து வைத்தார்.

என்னை வேலையால் நிற்பாட்டினாலும் நிற்பாட்டலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நானாவுக்கும் இது தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்று நல்ல பசி. இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.