மோதிரம் போட்ட கை

வாழைச்சேனை
09.03.2025

கப்பல் வித்துவான் ஹெக்டர் அவர்களுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், வேறு ஆள் சொல்லி நீங்க அறியக் கூடாது. போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் உங்கட படம் போட்டார்கள். பாசிக்குடாவில் பலகைக் கப்பல் கட்டி எடுத்தார்களே, அது. நடிகருக்கு வயலின் தெரியாது, வாசிக்கிற கை எல்லாம் உங்கட கைதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். திரையில் ஒரு கை பெரிதாக வந்தது. கதிரையை விட்டு எழும்பி, "இந்தா, என்ட மனுசன்ட கை" என்று கத்திவிட்டேன். பார்த்தால் படத்தில் வந்த கப்பித்தானுடைய கை. எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தது. பாதர் கூடச் சிரித்துவிட்டார்.

அந்தக் கையில் மோதிரம் இருந்தது, அதில்தான் ஏமாந்தேன். பிறகு வயலின் வாசிக்கிற கை வந்தது. மகள் டினோஷா காதுக்குள், "அம்மா, இதுதான் அப்பாட கை" என்றாள். எனக்கு மட்டுப்படவில்லை, உங்கட கை என்று அடையாளமே தெரியவில்லை. வெறும் விரல்.

படம் நல்லம். அந்தக் காலத்துக் கப்பல், அதில் ஒரு வயலின்காரன், இவன் வாசித்தால் மீன்கள் வரிசையில் நின்று கேட்குமாம், இவன் கரைக்கே இறங்க மாட்டானாம். நமக்கு மீன் சந்தையில்தான் வரிசை. அவன் கலியாணம் கட்டாதவன், அதற்காக மோதிரத்தைக் கழற்றியிருப்பீர்கள். படம் எடுத்து முடிந்து, படக்காரர் பிடித்துத் தந்த வயலின் வேலைக்கு நீங்க கப்பல் ஏறி இரண்டு வருசமாகிறது. மோதிரத்தை மறுகா விரலில் போட்டுவிட்டீர்களா?

நானும் மகளும் கோழிகளும் சுகம்.

உங்கட செசீலியா

கப்பலிலிருந்து
02.04.2025

அன்புள்ள செசீலியா,

கடிதம் கிடைத்தது, சிரித்தேன். தந்தியை அழுத்தும்போது மோதிரம் வயலினில் தட்டுகிறது. அதனால் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். டிசம்பரில் நத்தார் பெருநாளுக்கு லீவு கிடைப்பது சந்தேகம். டினோஷாவைப் படிக்கச் சொல்.

ஹெக்டர்

வாழைச்சேனை
20.04.2025

வித்துவானுக்கு,

கோயிலில் இவ்வளவு காலம் வாசித்தீர்கள். நல்லரத்தினம் அண்ணன்ட மகளின் கலியாணத்தில் விடியுமட்டும் பைலா வாசித்தீர்கள். ஒரு தட்டும் எனக்குக் கேட்கவில்லை. இப்போது மோதிரம் வளர்ந்துவிட்டதா, வயலின் கொழுத்துவிட்டதா?

நான் படிக்காதவள், சுற்றி வளைத்து எழுதினால் விளங்காது. நத்தாருக்கு அப்பா வருவார் என்று டினோஷா இப்போதே உங்கட சேட்டுகளை வெயிலில் காயப்போடுகிறாள். அவளுக்கு என்ன சொல்ல? வீட்டுக்கு வாறீர்களா, இல்லையா? ஒரு சொல் எழுதினால் போதும்.

செசீலியா

கப்பலிலிருந்து
18.05.2025

செசீலியா,

இல்லை.

படத்துக்குக் கழற்றின கையோடு இங்கே வந்தேன். கலியாணம் கட்டாதவன் என்று நினைத்தார்கள், நானும் விட்டுவிட்டேன். கூடப் பாடுகிற பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். இப்போது அவளோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு மோதிரத்தையும் லீவில் ஊருக்கு வருகிற இர்ஷாத்திடம் கொடுத்துவிடுகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

ஹெக்டர்

வாழைச்சேனை
11.06.2025

ஹெக்டருக்கு,

உங்கட கப்பலில் சமையலுக்கு நிற்கிற ஓட்டமாவடி இர்ஷாத் வந்தான். கடிதத்தையும் மோதிரத்தையும் மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி குடித்தான். சீனி போடவில்லை என்று அவன் போன பிறகுதான் தெரிந்தது. படலையடியில் நின்று, "போயிட்டு வாறன் அன்ரி" என்றான். நல்ல பிள்ளை, கப்பலுக்குப் போயும் அந்தச் சொல்லை மறக்கவில்லை.

டினோஷாவுக்கு நான் சொல்லவில்லை. அது உங்கட வாயால் வர வேண்டியது. சேட்டுகளை மடித்து வைத்துவிட்டேன்.

ஊரில் கேட்டால், அந்தப் படத்தில் வந்தது உங்கட கை இல்லை என்று சொல்லப்போகிறேன். முதல் தரம் பிழையாகச் சொன்னவள்தானே, இதையும் நம்புவார்கள்.

மோதிரம் என் விரல்களுக்குப் பெரிது. பெருவிரலில் போட்டுப் பார்த்தேன். இப்போது கழலவில்லை. சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் போட்டாயிற்று. மீன் கழுவும்போது செதில் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது.

செசீலியா