பாங்கு நேரத்துப் பந்து

ஆகஸ்ட் 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. காயப் போட்ட சாரம் இரண்டு வீடு தாண்டிப் போய் முருங்கையில் தொங்கியது. அந்த வீட்டுக்காரி சிரிக்க, நான் எம்பி எம்பி எடுக்க, நல்ல காட்சி.

உப்பளத்தில் பாத்தி எல்லாம் வெள்ளை வெளேர். நாள் முழுக்க உப்பு வாரல். கை வெடிப்புக்குள் உப்பு ஏறி எரிச்சல். தேங்காயெண்ணெய் பூச வேண்டும்.

மத்தியானம் சப்ராஸ் போன் எடுத்தான். கற்பிட்டிக்காரன். பத்து வருசமாக ஒரே புட்போல் அணியில், கீப்பரான எனக்கு முன்னால் நின்று தடுப்பவன். அவன் விடுவதைப் பிடிப்பதுதான் என் தொழில் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

"மச்சான், கொழும்புக் கிளப் ஒண்டு ஆள் எடுக்க வருதாம். சனி, ஞாயிறு. நம்மட புத்தளத்துக்கே! ஆரும் போகலாமாம்."

"ஆரும் எண்டா?"

"இருபத்தஞ்சு தாண்டாத ஆரும்."

எனக்கு இருபத்தைந்து. ஒக்டோபரில் இருபத்தாறு. சம்பளத்துக்கு விளையாடும் கிளப் எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வருகிற வருசம் வந்தாலும் எனக்குக் கதவு சாத்தியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவி சிபானாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஒரு வருசம் பிந்தி வந்திருந்தா உங்கட மூஞ்சிய நான்தான் பாத்துக்கொண்டு இருக்கணும். அல்லாஹ் என்னைக் காப்பாத்திட்டான்" என்றாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். உப்பு விளையும் நேரம், தரமாட்டார் என்று வாதாட ஆயத்தமாகப் போயிருந்தேன். "சனி ஞாயிறா? போ. கோலுக்குள்ள விடாத" என்றார். வாதாடச் சேர்த்து வைத்த கதையெல்லாம் வீண். நல்ல மனுசன், வாய்தான் பொல்லாதது.

செய்ய வேண்டியவை:
– பூட்ஸ் அடி பிளந்திருக்கிறது. தைக்கக் கொடுக்க.
– அடையாள அட்டைப் பிரதி.
– முடி. (சிபானாவின் உத்தரவு.)
– கையுறை??

என் கையுறையில் விரல் இரண்டு வெளியே. சப்ராஸ் பின்னேரம் பஸ்ஸில் வந்து ஒரு பையை நீட்டினான். புதுக் கையுறை. கட்டாரில் இருக்கும் அவன் நானா தம்பிக்கு அனுப்பியதாம். கீப்பர் அல்லாதவனுக்கு எதற்குக் கையுறை அனுப்பினார் என்று கேட்டேன். "அவருக்கு புட்போல் விளங்காது" என்றான். பொய். கேட்டு வாங்கியிருக்கிறான். போட்டுப் பார்த்தேன். அளவு சரி.

முடி வெட்டியாச்சு. காது இரண்டும் பெரிதாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 12, சனி

எப்படி எழுதுவது? காலையிலிருந்து தொடங்குகிறேன்.

காலை நல்லது. கிரவுண்டில் திருவிழாக் கூட்டம். எலுவன்குளத்திலிருந்துகூட இரண்டு பேர், மோட்டார் சைக்கிளில், முடியெல்லாம் புழுதி. கனமூலை, மதுரங்குளி, சிலாபம், நீர்கொழும்பு, எல்லா ஊரும். தாளில் எண் எழுதி முதுகில் ஊசி குத்தினார்கள். எனக்கு 31.

கோச் சிங்களவர். தமிழ் உடைந்து உடைந்து வரும், கண் மட்டும் உடையாது. கீப்பர்மாருக்குத் தனிச் சோதனை. ஐந்து பெனால்டியில் மூன்று பிடித்தேன். காற்றுக்கு எதிராக உயர அடித்த பந்துகளில் மற்றக் கீப்பர்கள் தடுமாறினார்கள். இந்தக் காற்றில் வளர்ந்தவனுக்கு அது பழக்கம். கோச் ஏதோ குறித்துக்கொண்டார். அந்த நேரம் மனதுக்குள் கொழும்பில் அறையே எடுத்துவிட்டேன்.

பிளேன்டி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் குந்தியிருந்த பொடியனோடு கதை. எண் 44, கஜன். முன்னேஸ்வரம். கோயில் வாசலில் இவன் வீட்டாருக்குத் தேங்காய், பூக் கடை. பத்தொன்பது வயசு. முன்வரிசை. வாயும் கால் மாதிரியே வேகம். அவன் பிஸ்கட்டில் பாதி எனக்குத் தந்தான்.

பின்னேரம் மட்ச். நான் மஞ்சள், கஜன் நீலம். இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் நம்மடவர்கள். சப்ராஸ் எனக்கு முன்னால்.

நம் கிரவுண்டில், பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் பந்து நிற்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் விசில் ஊதுவதும் இல்லை. யார் காலில் பந்தோ அவர் மிதித்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். மூச்சு விடுவது போல, யோசிப்பதே இல்லை.

சப்ராஸின் காலில் பந்து. அஸர் பாங்கு தொடங்கியது. சப்ராஸ் மிதித்து நின்றான். நான் நின்றேன். நீலத்திலும் நம்மடவர்கள் நின்றார்கள். கஜனுக்கு என்ன தெரியும்! ஓடி வந்தான், சப்ராஸின் காலடியிலிருந்து பந்தைத் தட்டினான், நேரே என்னிடம். நான் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். பந்து என்னைத் தாண்டி மெதுவாக வலைக்குள் போனது. கஜன் கையை உயர்த்திக் கத்தினான். சுற்றிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. உயர்ந்த கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கோச் விசிலைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏய் முப்பத்தொண்டு! நித்திரையா?"

விளக்கினேன். கேட்டார். கோபம் கொஞ்சம் தணிந்த மாதிரி. பிறகு சொன்னார்:

"கொழும்பில நாலு பக்கம் பள்ளி இருக்கு. நாலு கோல் விடுறதா? நாளைக்கு என்ட விசில் மட்டும்தான். வேற சத்தம் கேட்ட ஆள் வீட்டுக்குப் போறது."

இருபத்தைந்து வருசத்தில் ஒரு நாள் பார்க்க வந்தார்கள், அன்றைக்கு நான் தூண் மாதிரி நின்றேன்.

சிபானா இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். சொன்னேன். சிரிப்பாளென்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"பந்தைப் பிடிச்சிட்டு நில்லுங்களன்."

"என்ன?"

"பாங்கு கேட்டா பந்தைப் பிடிங்க. கையில வச்சிக்கொண்டு நில்லுங்க. கீப்பர்தானே, பிடிச்சா ஆர் கேக்கிற?"

இதை கோச் கேட்டபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லையே. இடியப்பம் ஏழு தின்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதினால்தான் சரி.

இன்றைக்கும் பின்னேர மட்ச், அதே பக்கங்கள். கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கஜன் சப்ராஸை இரண்டு தடவை வெட்டிப் போய் அடித்தான், இரண்டையும் தட்டினேன். பிறகு நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. கஜன் தனியே வருகிறான். எனக்கும் அவனுக்கும் நடுவில் யாருமில்லை. அப்போதுதான் பாங்கு.

சிபானா சொன்னது மட்டும்தான் மண்டைக்குள். பிடி, பிறகு நில். கோலை விட்டு ஓடினேன், அவன் காலடியில் விழுந்தேன், பந்தை நெஞ்சோடு அணைத்தேன். எழும்பி நின்றேன். கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து, "நல்லம்! அதுதான் வேணும்!" என்று கத்தியது கேட்டது.

எழும்பிய பிறகுதான் பார்த்தேன். கஜன் ஓடவில்லை. அடிக்கவும் இல்லை. ஒரு கால் கொஞ்சம் தூக்கியபடி, கையைத் தொங்கப் போட்டு நிற்கிறான். பந்தை மிதித்துக்கொண்டு நின்ற கால் அது. பந்து இல்லாமல் அப்படியே இருந்தது.

நான் பிடிக்கவில்லை. அவன் நிறுத்தி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டேன்.

பாங்கு முடியும் வரை இரண்டு பேரும் ஒரு முழ தூரத்தில் நின்றோம். அவன் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான். திருப்பி அவன் காலடியில் உருட்டியிருக்க வேண்டும். நம் வழக்கம் அதுதான். கோச் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூர அடித்தேன்.

மட்ச் முடிந்ததும் அவனைத் தேடி ஓடினேன். சிலாபத்துப் பொடியன்களின் வாடகை வேன், பெயர் வாசிக்கும் வரை காத்திராமல் வெளிக்கிட நின்றது.

"தம்பி, ஏன்டா நின்டாய்?"

"நேத்து தெரியாமப் போட்ட கோல் அண்ணே. பொறகு ஒராள் சொன்னாரு, வெக்கமாப் போச்சு. நாங்களும் கோயில் மணி கேட்டா நிக்கிறதுதானே."

"நான் எடுத்திட்டேனே."

"பரவால்ல. நீங்க கீப்பர். எடுக்கத்தானே வேணும்."

வேன் ஹோர்ன் அடித்தது, ஏறிப் போய்விட்டான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பெயர் வாசித்தார்கள். நீர்கொழும்பில் இருந்து இரண்டு பேர், கனமூலையில் ஒருவன், கடைசியாக 31. 44 இல்லை. சப்ராஸும் இல்லை. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, "இனி ஆரு மச்சான் நான் விடுறதப் பிடிக்கிற?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். முகத்தை உடனே திருப்பிக்கொண்டான்.

கோச்சிடம் போனேன். "சேர், 44 பந்தை விட்டவன் இல்ல. பாங்குக்கு நிப்பாட்டினவன். நான்தான் எடுத்தேன்." சொல்லும்போதே பயம், என் பெயரையும் வெட்டிவிடுவாரோ என்று. நிமிர்ந்து பார்த்தார். "நான் விசில் மட்டும் எண்டு சொன்னது" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வேலைக்குப் போனேன். உப்பளம் முழுக்கச் செய்தி. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "இவனுக்கு நான்தான் லீவு குடுத்த" என்று மூன்று தரம் சொன்னார். சொல்லட்டும், உண்மைதானே.

கையுறையைத் திருப்பிக் கொடுக்க சப்ராஸுக்கு போன் எடுத்தேன். "கொழும்பில கிழிஞ்சா சொல்லு" என்று வைத்துவிட்டான்.

உம்மாவை அடக்கிய கபுறடிக்குப் போய்க் கொஞ்ச நேரம். மன்னாரை விட்டு வந்து, இங்கே ஓலைக் கொட்டிலில் என்னைப் பெற்றவ. பந்து வாங்கித் தரமாட்டா, ஆனால் பிந்தி வந்தால் சோறு மூடி வைத்திருப்பா. இன்றைக்கு இருந்திருந்தால் முதலில் ஏசியிருப்பா, கொழும்பில் யார் சமைப்பது என்று.

நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள்: சிபானா. சப்ராஸ். சூப்பர்வைசர். பூட்ஸ் தைத்த மனுசன் (அடி இன்னும் அசையவில்லை). கட்டார் நானா. கஜன்.

கஜனிடம் நன்றியா, மன்னிப்பா? அவன் போன் நம்பர்கூட வாங்கவில்லை, மடையன் நான்.

ஆகஸ்ட் 16, புதன்

மழை வரும் போல் இருட்டி, வராமல் போனது. பாத்தி தப்பியது.

பத்து மணிக்கு கோச் போன். வெள்ளிக்கிழமை வந்து சேரச் சொன்னார். தங்குமிடம் இருக்கிறது, பாய் தலையணை வேண்டாம். சரி சேர், சரி சேர் என்று நிற்க, அவர் வைக்கவில்லை.

"அந்த 44. உன்ட கூட்டாளியா?"

"ரெண்டு நாள் பழக்கம் சேர்."

"எங்கட ஃபோர்வர்ட் ஒராளுக்கு முழங்கால் போச்சு. 44 எழுதின போன் நம்பர் வேலை இல்ல. நீ தேடு. வெள்ளிக்கிழமை கூட்டி வா. நான் பாக்கிறது. எடுக்கிறது எண்டு சொல்ல இல்ல."

"சேர், அவன் நின்டது—"

"தெரியும். நான் கண்டது. தனிய கோலுக்கு முன்னால போய் பந்தை அப்படி நிப்பாட்ட நல்ல கால் வேணும். ஆனா இனி விசில் மட்டும். சொல்லு அவனுக்கு."

வாரிய உப்பின் நடுவிலேயே குந்திவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார், வெயில் அடித்துவிட்டதென்று. தண்ணீர் தந்தார். நாளைக்கும் லீவு கேட்டேன். "நீ இன்னும் வேலைக்கு வாறியா என்ன?" என்றார்.

சிபானாவுக்குச் சொன்னேன். "இப்பதான் உங்கட மூஞ்சி மூஞ்சியா இருக்கு" என்றாள். நாலு நாளாக எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சிலாபத்துக்கு ஏழரை பஸ். வழியில் ஒரு டயர் காற்றுப் போய், மதுரங்குளியில் அரை நாள் போனது போல் இருந்தது. சிலாபத்திலிருந்து ஓட்டோ. ஓட்டோக்காரர் சிங்களத்தில், திருவிழாக் காலம், கோயிலடி வரை போக ஏலாது என்று பாதியில் இறக்கிவிட்டார். நடந்தேன். கடை கடையாகத் தேங்காயும் பூவும். எல்லாக் கடையும் ஒரே மாதிரி. "கஜன்ட கடை எது? பந்து அடிக்கிற பொடியன்" என்று கேட்டுக் கேட்டு ஆறாவதோ ஏழாவதோ கடையில் ஒரு அம்மா நிமிர்ந்தா. மூக்கு அப்படியே அவனுடையது.

"நீங்க ஆரு தம்பி?"

"புத்தளத்தில இருந்து. அவனோட விளையாடினேன். கீப்பர்."

"ஓ, பாங்கு அண்ணனா!" என்று சிரித்தா. எல்லாம் சொல்லியிருக்கிறான். "உள்ளுக்கு நிக்கிறான், பூசை நடக்குது. தோ, தெரியுதா?"

வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வேட்டி, வெறும் முதுகு, கூட்டத்தில் கடைசி வரிசை. தாள் எண் இல்லாவிட்டாலும் அந்த முதுகு தெரியும். இரண்டு நாளும் என் கோலைப் பார்த்து ஓடி வந்து திரும்பிப் போன முதுகு. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

மணி அடிக்கத் தொடங்கியது. பெரிய மணி, அதோடு மேளமும். தேங்காய்க் கடை அம்மா எழும்பிக் கைகூப்பினா. பூத்தட்டோடு போனவர் போன இடத்திலேயே நின்றார். எல்லோரும் நின்றார்கள்.

நானும் நின்றேன். இரண்டு கையும் தொங்கியபடி, சனிக்கிழமை கோலுக்கு முன்னால் நின்ற அதே மாதிரி.

மணி ஓய்ந்தது.

"கஜன்! டேய்!"