பலகை போடாத நாற்காலிகள்

அக்டோபர் 7
தெருக்கோடிச் சதுப்பில் வீடு கட்டக் கூடாதென்று தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. மழைத் தண்ணீரையெல்லாம் அது குடித்துவிடுவதால்தான் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததில்லை. இவரோ அங்கே கட்ட வரும் கம்பெனியின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நம் வாடகைக் கடை நாற்காலிகளைப் போட ஒத்துக்கொண்டு வந்து நிற்கிறார்! கூட்டமும் அந்தச் சதுப்பிலேயேதானாம்.

"தொழில் வேற, கையெழுத்து வேற" என்கிறார்.

நாத்தனாருக்கு ஒரே சிரிப்பு. "அண்ணி, நம்ம நாற்காலியிலயே உட்கார்ந்து எதிர்த்துப் பேசுங்க."

அக்டோபர் 9
இவரோடு பேச்சில்லை. குழம்பில் உப்பு மட்டும் பேசியது.

அக்டோபர் 12
இடம் பார்க்கப் போனோம். மேலே காய்ந்த புல். காலை அழுத்தினால் செருப்போரம் தண்ணீர். இப்படிப்பட்ட தரையில் நாற்காலிக் காலுக்கு அடியில் பலகை போடுவது எங்கள் வழக்கம். கம்பெனி மேனேஜரிடம் சொன்னேன். பதறிவிட்டார்.

"பலகையெல்லாம் வேணாம்மா! ஈரம்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். "உங்க இஷ்டம் சார்" என்றார், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

அக்டோபர் 15
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எழுதவே வரவில்லை.

கருத்துக் கேட்க வந்த அரசு அதிகாரி அம்மாவிடம் மேனேஜர் மைக்கில், "இது சுத்தமான கட்டாந்தரை மேடம்" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் கம்பெனி முதலாளி. கனத்த உடம்பு. நாற்காலியின் பின்னங்கால்கள் மெல்ல இறங்கின, அவர் முழங்கால் மெல்ல ஏறியது. எழுந்திருக்கக் கையை ஊன்றினார் — இன்னும் இறங்கியது! நானும் இவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். முதலாளி வந்தார், செருப்பு வரவில்லை.

அதிகாரி அம்மா தன் காலடிச் சேற்றைப் பார்த்து, "கட்டாந்தரையா?" என்றார். அவ்வளவுதான். நாத்தனார் விசிலடித்தாள். நான் மனப்பாடம் செய்துவைத்த பேச்சு? அடியோடு மறந்துபோச்சு!

நவம்பர் 20
கட்டக் கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது! வாசலிலேயே இவரைக் கட்டிப்பிடித்தேன். பால்காரர் பார்த்துவிட்டார். பார்க்கட்டுமே.

டிசம்பர் 2
மூன்று நாளாக அடைமழை. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

கூட்டத்துக்குப் போன நாற்காலியில் ஒன்று குறைகிறதென்று இவர் புலம்பல் ஓயவில்லை. மழை விட்டதும் தேடிப் போனோம். முதலாளி உட்கார்ந்ததேதான், அதே இடத்தில். சுற்றிலும் தண்ணீர், முதுகு மட்டும் வெளியே. அதன்மேல் ஒரு கொக்கு.

"இழுத்துட்டு வரட்டுமா?" என்று இவர் பேண்ட்டை மடித்தார்.

"விடுங்க. ஆள் உட்கார்ந்திருக்கு" என்றேன்.