களத்தின் மேட்டுப் பக்கம்

பிப்ரவரி 11, 2025

களத்தில் இன்னும் நெல். மற்ற மாதங்களில் மில்லில் அவித்த நெல்லைக் காலையில் பரப்பி மூணு மணிக்குக் குவித்துவிடுவார்கள். நாலு மணிக்குக் களம் என்னுடையது. சம்பா அறுப்பு சமயத்தில் குவியல் நகருவதே இல்லை. அப்பாதான் களத்து மேஸ்திரி. ஆனாலும் என்ன பிரயோஜனம்? "நெல்லு கேக்குமாடி உன் டென்னிஸை" என்கிறார். மில் சுவரில் முந்நூறு பந்து அடித்துவிட்டு வந்தேன்.

சென்னைப் போட்டிக்குப் பட்டியல் வந்துவிட்டது. உள்ளே மெயின் டிராவில் முப்பத்திரண்டு பேர். அதற்குள் போக முதலில் தகுதிச் சுற்று ஆட வேண்டும். அந்தத் தகுதிச் சுற்றிலேயே எனக்கு இடம் இல்லை. யாராவது வராமல் போனால் கூப்பிடுவோம் என்று ஒரு வரிசை இருக்கிறது, அதில் ஒன்பதாவது. வைல்டு கார்டு கேட்டு டென்னிஸ் சங்கத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன். ரேங்க் பார்க்காமல், நடத்துகிறவர்களே பிடித்தவர்களுக்குக் கொடுக்கிற இடம் என்று அம்மாவுக்கு விளக்கினேன். "சிபாரிசுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள்.

இருபது வயசாகிறது. மெயின் டிரா தாளில் என் பேரை இன்னும் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும் என்று எழுத வந்தேன். பொய். போதாது. ஆனால் முதலில் ஒரு தடவை.

பிப்ரவரி 20

வைல்டு கார்டு அறிவித்துவிட்டார்கள். என்னோடு களத்தில் ஆடி வளர்ந்த வானதிக்கு மெயின் டிராவிலேயே. எனக்குத் தகுதிச் சுற்றில்கூட இல்லை.

சென்னையிலிருந்து அவளே போன் செய்தாள். "மொழி, நம்ம வீட்டுல வந்து தங்கு. வரிசை நகரும், வந்துடு." குரலில் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பேசினாள். எனக்காக அடக்கினாள். அதுதான் எரிச்சலாக இருந்தது. சந்தோஷப்பட்டுத் தொலையேன்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியது நியாயம் இல்லை. அவள் இல்லாவிட்டால் எனக்கு ஏது டென்னிஸ்? அவள் அப்பா பாபநாசம் பேங்க்குக்கு மேனேஜராக வந்தபோது எங்களுக்கு ஒன்பது வயசு. அவர்தான் மில் முதலாளியிடம் கேட்டு, களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, பூம்புகாரிலிருந்து பழைய மீன்வலை வாங்கிவந்து நடுவில் கட்டினார். மகளுக்குத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். நெல் துழாவிக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் என் கதை.

மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் களம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மேட்டுப் பக்கம் நின்றால் சர்வீஸ் தானாக உள்ளே விழும். பள்ளத்தில் நின்றால் மூச்சு வாங்கும். பக்கம் மாற்றினால் சண்டை வருகிறது என்று, காலையில் யார் முதலில் ஓடிப்போய் மேட்டில் நிற்கிறோமோ அவளுக்கே அன்றைக்கு முழுக்க மேடு. முக்கால்வாசி நாள் நான்தான். களத்தை ஒட்டித்தானே எங்கள் வீடு.

ஆறு வருஷம். அப்புறம் அவள் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல். எனக்குச் சுவர்.

மார்ச் 2 – சென்னை

உள்ளே போய்விட்டேன்! எட்டு பேர் வரவில்லை, அல்லது வந்து கையெழுத்துப் போடவில்லை. ஒன்பதாவதாக டெல்லிப் பெண் ஒருத்திக்கு ரயில் லேட். காலை ஏழரை மணிக்கு என் பேரைக் கூப்பிட்டார்கள். அந்த டெல்லிப் பெண் பாவம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவே இல்லை.

முதல் ஆட்டம் 6-4, 6-3. சர்வீஸுக்கு முன்னால் காலால் தரையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேனாம், அம்பயர் என்னம்மா என்று கேட்டார். நெல்மணி கிடந்தால் பந்து வழுக்கும், பழக்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. சுத்தமான நீலத் தரை. ஒரு மணி நெல் கிடையாது. வானதி வெளியே நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

மார்ச் 3

தோற்றுவிட்டேன். கடைசித் தகுதிச் சுற்று. மூணாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக், அதில் 8-10. இரண்டு புள்ளி. இரண்டே இரண்டு புள்ளி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனால் இன்னும் ஒரு கதவு இருக்கிறது. இந்தச் சுற்றில் தோற்றவர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வார்கள். மெயின் டிராவில் யாராவது முதல் ஆட்டத்துக்கு முன்னால் விலகினால், வரிசையில் முதல் ஆளுக்கு அந்த இடம். லக்கி லூசர் என்று பேர். பேரைப் பாரு, மூஞ்சியைப் பாரு. தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ரேங்க் இருந்ததால் முன்னால் வர வேண்டிய இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரைக் குலுக்கிப் போட்டதில் முதல் பேர் என்னுடையது.

மார்ச் 4

கையெழுத்துப் போட்டேன். நாள் முழுக்கப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். யாருக்காவது ஒரு காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன், பெரிசாக வேண்டாம், ஒரு நாள் காய்ச்சல். என்ன பிறவி நான்.

சாயங்காலம் பயிற்சியில் வானதிக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. நான்தான் தோளைக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஐஸ் வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் விலகினால் எனக்கு இடம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஐஸ் எடுத்துக் கொடுத்த அவள் அம்மாவுக்கும் தெரியும்.

படுக்கப் போகும்போது அவளே ஆரம்பித்தாள். "மொழி, நீ கேக்காதே. கேட்டா குடுத்துடுவேன். அதனால கேக்காதே."

நான் கேட்கவில்லை.

மார்ச் 5

ஆடினாள். காலில் ரோல் ரோலாகப் பேண்டேஜ் கட்டிக்கொண்டு போய் ஆடினாள். நான் பெஞ்சில். முதல் சர்வீஸுக்கு முன்னால் அந்த வீங்கின காலால் தரையைத் தள்ளிவிட்டாள், இல்லாத நெல்லை. 0-3. உட்கார்ந்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். எழுந்துபோய் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டாள். பத்தொன்பது நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தொன்பது நிமிஷத்துக்காகவா? ஆட முடியாதுன்னு தெரியும்ல உனக்கு? தெரிஞ்சுதானே போனே? நான் ரெண்டு மணி நேரம் ஆடியிருப்பேன்டி. தோத்திருந்தாலும் ஆடித் தோத்திருப்பேன். சங்கத்துல அடுத்த தடவை குடுக்க மாட்டாங்கன்னு பயமாம். உனக்கு அடுத்த தடவை இருக்கு. எனக்கு இந்தத் தடவையே இல்லையே.

அவளிடம் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு எழும்பூர் வந்துவிட்டேன். ரயிலில் எழுதுகிறேன். கையெழுத்துக் கோணல்.

மார்ச் 7

களத்தில் நெல். சுவர். ஐநூறு.

ஏப்ரல் 16

வானதியிடமிருந்து மெசேஜ். "கால் சரியாயிடுச்சு. பேசு." நாலாவது மெசேஜ் இது. பதில் போடவில்லை. என்ன போடுவது, சந்தோஷம் என்றா?

அம்மா கேட்டாள், வானதி ஏன் போன் பண்ணுவதே இல்லை என்று. பிஸியாக இருப்பாள் என்றேன்.

ஜூன் 19

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் ஊரே நின்று பார்க்கிறது. நானும் நின்றேன். போன வருஷம் இதே நாள் வானதி லீவுக்கு வந்திருந்தாள். பாலத்திலிருந்து களம் வரை ஓட்டம் வைத்தோம், தோற்றவள் பள்ளம்.

அவளுடன் ஆட வேண்டும் போலிருக்கிறது. போட்டி வேண்டாம், ரேங்க் வேண்டாம், சும்மா. சுவர் ஒரு தடவைகூடத் தப்பாக அடிப்பதில்லை. அதனோடு எவ்வளவு நாள்தான் ஆடுவது? போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். வீம்பு.

ஆகஸ்ட் 28

மெயில் வந்திருக்கிறது. கோயம்புத்தூர் போட்டி. மெயின் டிரா. வைல்டு கார்டு. எனக்கு.

ஏழு தடவை படித்தேன். போன மாதம் மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை போனதைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் காட்டினேன். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். பார்த்தால் கோடு போடுகிறார், அதுவும் நெல் குவியலைச் சுற்றி வளைத்து. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது என்று இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 19

குறுவை அறுப்பு. களம் நிறைய அவித்த நெல். இரண்டரை மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆள் பற்றவில்லை, அம்மா, நான், அக்கம்பக்கத்தார் எல்லாரும் இறங்கிவிட்டோம். குவித்து மூடுவதற்குள் காற்று தார்ப்பாயைத் தூக்கியது. கயிறு என் கையில். அப்பா "விடுடி, விட்டுத் தொலை" என்று கத்தினார். விடவில்லை. விட்டால் முப்பது மூட்டை நெல் நனையும்.

நெல் நனையவில்லை. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

எலும்பு முறியவில்லை, நரம்பு இழுத்திருக்கிறது, மூன்று வாரம் ராக்கெட்டைத் தொடாதே என்றார் கும்பகோணம் டாக்டர். செவ்வாய்க்கிழமை என் ஆட்டம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா, "நானே இழுத்திருக்கணும்" என்றார். நான் சரியாகிவிடும் என்றேன்.

செப்டம்பர் 22 – கோயம்புத்தூர்

தாள் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா பேர் முதலில் வருகிறது. இளையபெருமாள் முழுசாக நுழையவில்லை, பாதியில் நிற்கிறது, பக்கத்தில் என் பேரும், வைல்டு கார்டு என்பதற்கு WC என்று இரண்டு எழுத்தும். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். விரலால் தொட்டும் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை.

பந்தை அடித்துப் பார்த்தேன். பத்தில் நாலு வலைக்கு மேலே போகிறது. ஒவ்வொன்றுக்கும் முழங்கை வரை சுரீர் என்கிறது.

சாயங்காலம் ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாக்பூராம். பதினெட்டு இருக்கும். இன்றைக்குக் கடைசித் தகுதிச் சுற்றில் தோற்றவள். அவள் கண் என் கட்டின் மேலேயே இருந்தது. கை எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். வரிசையில் நீ எத்தனாவது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 23

காலையில் கையெழுத்துப் போடும் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். விலகுகிறேன் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. அங்கே அந்த நாக்பூர்ப் பெண் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சிரித்தாள். நான் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்த மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆடினேன். 1-6, 0-6. ஐம்பத்திரண்டு நிமிஷம். இரண்டாவது செட்டில் சர்வீஸைக் கீழேயிருந்து போட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. அந்த ஒரு கேம் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அவள் கடைசிவரை பெஞ்சில் இருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. வெளியே வரும்போது எழுந்து நின்று நன்றாக ஆடினாய் என்றாள். கோபமே இல்லை அவள் முகத்தில். திட்டியிருக்கலாம்.

நான் அவள் இடத்தைத் தின்றுவிட்டேன். தெரிந்தே தின்றேன். திரும்ப அந்த மேஜைக்கு முன்னால் என்னை நிறுத்தினாலும் விலகியிருப்பேனா? தெரியலையே. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு செம்மொழி. தெரியலை.

செப்டம்பர் 24 – ரயில்

பூதலூர் தாண்டியதும் வானதிக்குப் போன் போட்டேன். ஆறரை மாதம் கழித்து. ஹலோ கூடச் சொல்லவில்லை அவள். "ஸ்கோர் பாத்தேன். கை என்ன ஆச்சு?" என்றாள். அழுதேன், எதிர் சீட்டுக்காரர் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். பாவம் மனுஷன்.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. மில்லுக்கு இரண்டு நாள் லீவு. களத்தைக் கழுவிவிட்டிருக்கிறார்கள், ஒரு மணி நெல் இல்லை. மில் மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போது என் ராக்கெட்டையும் பக்கத்தில் சாத்தி அதற்கும் சந்தனம் வைத்திருக்கிறார் அப்பா. கைப்பிடியில் இன்னும் பிசுபிசுப்பு.

பத்து மணி ரயிலில் வானதி வந்தாள். அம்மா இலை போட்டு உட்காரவைத்து, எங்கே போயிருந்தே இத்தனை நாள் என்று அவளைத்தான் திட்டினாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நன்றாக நாலு இட்லி தின்றாள்.

வலை கட்டும்போது கேட்டேன். "அன்னிக்கு நான் கேட்டிருந்தா நெஜமா குடுத்திருப்பியா?"

முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "தெரியல மொழி. தெரியாததாலதான் கேக்காதேன்னேன்."

"எனக்கும் தெரியல" என்றேன்.

மணிக்கட்டில் கட்டு இருக்கிறது, மெதுவாகத்தான் அடிக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் நான் ஓடிப்போய்ப் பள்ளத்தில் நின்றுவிட்டேன்.